முதுகுக்கு ஒரு கை

பிப்ரவரி 4, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆறுபடைவீட்டு டூர் முடிந்து நேற்றுக் காலையில் கோவில்பட்டி வந்து சேர்ந்தவர், வேனிலிருந்து பையை இறக்கக் குனிந்திருக்கிறார், அப்படியே பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த ஐம்பத்தெட்டு வயது உடம்பு. வேறென்ன ஆகும்?

தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டார்கள். குனிந்தபோது பிடித்தது என்று இவர் சொன்னார். சதைப்பிடிப்புதான் என்று அவர்கள் மாத்திரை கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஏழு முட்டை அழுகல். சத்துணவு அமைப்பாளர் என்று பெயர்தான் பெரிது, பதிவேடு எழுதியே விரல் தேய்கிறது. பழக்க தோஷம், வீட்டுக்கு வந்தும் இந்த டைரியை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

மாத்திரை கேட்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன். போன வியாழனுக்குப் பிறகு இவரிடம் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசியது இன்றுதான். ஏன் பேசாமல் இருந்தேன் என்பது இங்கே எழுத வேண்டிய விஷயம் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் விசாரிக்க வந்தாள். வந்த வேகத்தில் கேட்டாள்.

"என்னக்கா, அண்ணாச்சி படுத்த படுக்கையா இருக்காகளாமே! நீங்க மிதிக்கலையா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் காலை முதலில் நீட்டிக்கொண்டு வந்தவள். அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் முதுகுப்பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. ஏழு வயதிலிருந்தே என்னைத் தேடி ஆள் வருவார்கள். குப்புறப் படுப்பார்கள், மூன்று தரம் காலை வைத்து எடுப்பேன், எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். என்னை அதட்டிப் பேசிய ரேஷன் கடைக்காரர்கூட ஒருநாள் சட்டையைக் கழற்றிவிட்டு என் காலடியில் படுத்திருக்கிறார். அந்தச் சுகம் தனி.

மற்றவர்களுக்குக் காலை வைத்து எடுத்தால் போதும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் முழுசாக ஏறி நிற்க வேண்டும். "இன்னும் அழுத்துட்டி, என்ன பூனை மாதிரி நடக்க?" என்பார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"மிதிக்கலை. எனக்கு முழங்கால் வலி" என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

உள்ளே படுத்திருந்தவர் இருமினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வலி குறையவில்லை. புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிக்கிறார். இவர் ஓட்டும் ஸ்கூல் வேனுக்கு வேறு டிரைவர் போட்டிருக்கிறார்கள், மாசக்கடைசி வரை பார்ப்போம் என்று ஓனர் சொல்லிவிட்டார். வேன் ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தை இவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் சாவியை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.

யாரோ சொன்னார்கள் என்று மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு மசாஜ் நிலையத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். வாசலில் விளக்கு மினுக்கும் போர்டு. எல்லா வலிக்கும் பத்தே நாளில் தீர்வு என்று எழுதியிருந்தது. உள்ளே போனதும் ஒரு ஆள் வந்தான், என்ன ஏது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "படுங்க சார், நரம்பு ஒண்ணோட ஒண்ணு ஏறிக் கெடக்கு" என்றான். சட்டை மேலேயே இருக்கிறது, நரம்பு எப்படித் தெரிந்ததோ.

"தம்பி, நீங்க எங்க படிச்சீங்க?"

"கேரளாவுலம்மா."

"கேரளாவுல எங்க?"

"கேரளாவுலதான்."

எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் சொல்லிக்கொடுத்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை. சுவரில் சர்டிபிகேட் இருக்க வேண்டிய இடத்தில் அருவிப் படம் தொங்கியது. இவரைத் திருப்பி ஆட்டோவில் ஏற்றினேன். "வந்தது வந்தோம், ரெண்டு தேய் தேச்சிருக்கலாம்லா" என்று வழியெல்லாம் முனகல்.

பிப்ரவரி 10, திங்கள்

ஜான்சி டீச்சர் எங்கள் தலைமையாசிரியை. கழுத்து வலியில் போன வருஷம் முழுக்கக் கழுத்துப் பட்டையோடு திரிந்தவர். அவரிடம் கேட்டேன். ரயில்வே கேட் பக்கம், மெடிக்கல் ஸ்டோருக்கு மாடியில் பெனிட்டா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாராம், மசாஜும் முறையாகப் படித்தவராம்.

"செண்பகவல்லி, அங்க போனா மொதல்ல கேள்விதான் கேப்பாங்க. கை வைக்க நேரமாகும். சலிச்சுக்கிடாதீங்க" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. அப்போது பிடித்திருந்தது.

பிப்ரவரி 12, புதன்

போனோம். பெனிட்டாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் பட்டம், பதிவு எண், கல்லூரிப் பெயர் எல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரிசி மூட்டைச் சீட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாப் பாருங்கக்கா. பாத்துட்டு உக்காருங்க" என்றாள்.

டாக்டரம்மா என்று கூப்பிட்டேன். "டாக்டர் இல்லக்கா, பிசியோதெரபிஸ்ட். பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று திருத்தினாள். தனக்கு இல்லாத பெயரை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவருக்குத்தான் சங்கடம். ஒரு பெண்பிள்ளை முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று காலரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கழற்றவே சொல்லவில்லை. அரைமணி நேரம் கேள்வி. சர்க்கரை இருக்கிறதா, கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மூச்சிரைப்புக்காக என்றோ எழுதிக்கொடுத்த மாத்திரையை இவர் பத்து வருஷமாகத் தானே வாங்கிப் போட்டுக்கொள்வதைச் சொன்னார். பேனாவை நிறுத்தி அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"மசாஜுங்கிறது எலும்பைத் திருப்புறதும் இல்ல, நரம்பை எடுத்து வைக்கிறதும் இல்ல அண்ணாச்சி. இறுகிப்போன சதையை எளக்குறது. வலி கொறையும், தூக்கம் வரும், அசைவு லேசாகும். எல்லாத்துக்கும் அது மருந்து கெடையாது. சில ஒடம்புல அழுத்தவே கூடாது. அதான் இவ்வளவு கேக்குறேன்" என்றாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"கீழ விழுந்தீங்களா? இல்லன்னா, வலின்னு சொல்லி யாரையும் மிதிக்கச் சொன்னீங்களா? நம்ம ஊர்ல இதைக் கேக்காம நான் கை வைக்கிறதில்ல."

"அதெல்லாம் இல்லம்மா. பையை எறக்கக் குனிஞ்சேன், அவ்வளவுதான்" என்றார் இவர், சட்டென்று.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மெதுவாக ஆரம்பிப்பாளாம்.

பிப்ரவரி 13, வியாழன்

சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். பிள்ளைகள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

"நாளைக்குப் போக வேண்டாம். ரெண்டு நாள்ல தானா சரியாயிரும்" என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீதான அந்தப் பிள்ளை நல்லாப் பாக்கும்னு கூட்டிட்டுப் போன?"

ஆமாம், நான்தான்.

பிப்ரவரி 15, சனி

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன். 4ஆம் தேதி இந்த டைரியில் எழுதியது பொய். பையும் இறக்கவில்லை, குனியவும் இல்லை. நான்தான் மிதித்தேன்.

இன்று நடந்தது இது. பெனிட்டா இவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். முதுகு மட்டும் தெரியும்படி துண்டால் மற்றதை மூடினாள். இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இங்க தொடட்டுமா?" என்று கேட்டாள். தொடுவதற்கு அனுமதி கேட்கிறாள்! நான் அந்த முதுகில் ஏறும்போது எந்தக் காலத்தில் அப்படிக் கேட்டேன்? அவள் கை முதுகுக்குப் பக்கத்தில் போனது.

"கை வைக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் கீழே மெடிக்கல் ஸ்டோரில் பேச்சு நின்றிருக்கும்.

"நான் மிதிச்சேன். முழுசா மேல ஏறி நின்னு மிதிச்சேன். உள்ள மொடுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் இப்படிக் கெடக்காரு."

"ஏட்டி, சும்மா இருக்கமாட்ட?" என்று இவர் எழப் பார்த்தார்.

பெனிட்டா கையை எடுத்துக்கொண்டாள். இவர் முதுகைத் துண்டால் மூடினாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்புச் செய்தவளுக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

பிறகு இவரிடம் திரும்பிக் கேட்டாள். "அண்ணாச்சி, மிதிக்கிறதுக்கு முன்னாடி எங்க வலிச்சது?"

"அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்றைக்கு மசாஜ் கிடையாது, எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம் என்று சீட்டு எழுதிக்கொடுத்தாள்.

வழக்கமாக மிதிக்கிற மாதிரித்தான் அன்றும் மிதித்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகெலும்புக் கட்டைகளில் ஒன்று முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. அந்த மூச்சிரைப்பு மாத்திரை வருஷக்கணக்கில் எலும்பை அரித்து வைத்திருந்ததாம். "திடமான எலும்பா இருந்தா இவ்வளவு ஆயிருக்காது. ஆனா இதுமேல எண்ணெய் போட்டு அழுத்தியிருந்தா நரம்புல போய்க் குத்தியிருக்கும். கால் விளங்காமப் போயிருக்கலாம்" என்றார் டாக்டர். மாத்திரையை மாற்றினார், பெல்ட் போட்டார். பத்து வாரம் ஓய்வு. வேன் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வெளியே வந்ததும் பெனிட்டாவுக்குப் போன் செய்து சொன்னேன்.  "நீங்க அன்னிக்கு வாயைத் தெறந்தீங்களே அக்கா" என்றாள். 

ஆஸ்பத்திரி வாசலில் இவர் ஒரு டீ வாங்கி எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார். கால் இருக்கிறது. நடக்கிறார். டீ வாங்குகிறார். எந்தச் சாமிக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் மொத்தமாகச் சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

பெனிட்டா வாரம் ஒரு தடவை வீட்டுக்கே வருகிறாள். கை வைத்து நீவுவதில்லை. எப்படிப் புரள்வது, எப்படி எழுவது, மூச்சை எப்படி இழுத்து விடுவது, இவ்வளவுதான். "இதுக்கு எதுக்கும்மா வெயில்ல வர்றீங்க?" என்று இவர் கேட்டால், "ஒங்களுக்கு மசாஜ் வேண்டாம்னு சொல்றதும் என் வேலைதான் அண்ணாச்சி" என்கிறாள்.

நான் பேச்சை நிறுத்திய அந்த வியாழக்கிழமையையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரில் என் தம்பி கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். அக்கா முறைக்கு நான்தான் சீர்த்தட்டு எடுத்துப் போக வேண்டும். சேலை எடுத்து, பாத்திரம் வாங்கி, பெட்டி கட்டி வைத்திருந்தேன். வியாழன் சாயங்காலம் இவர் சாவகாசமாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு ஆறுபடைவீட்டு டூர் ஒண்ணு ஒத்துக்கிட்டேன், ஞாயிறு முழுக்க ரோட்டுலதான்" என்கிறார். பத்து நாளைக்கு முன்பே ஒத்துக்கொண்டாராம். சொன்னால் நான் சண்டை போடுவேன் என்று சொல்லவில்லையாம். தனியாகப் போனால் வீட்டுக்காரர் எங்கே என்று நாற்பது பேர் கேட்பார்கள். போகவில்லை. தம்பி போனில் அழுதான்.

மூன்று நாள் இவர் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. திங்கள் காலை வந்தவர் பையை வைத்துவிட்டு, நடுவீட்டில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். "முதுகு பிடிச்சிருக்கு, மிதி" என்றார். மிதித்தேன்.

கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 21, வெள்ளி

பேச்சியம்மாள் தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். தண்ணீர்க் குடம் தூக்கும்போது பிடித்துக்கொண்டதாம். வாசலிலேயே துண்டை விரித்துவிட்டார் மனிதர்.

"இனிமே நான் யாரையும் மிதிக்கிறதில்ல பேச்சி" என்று சொல்லிப் பெனிட்டாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

"படிச்சவக சிநேகம் கெடைச்சதும் எங்களை மறந்துட்டீக" என்று கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும். ஆனால் ரயில்வே கேட் பக்கம்தான் போனாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பத்து வாரம் முடிந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெல்ட்டைக் கழற்றியாயிற்று. இனி சதையின் இறுக்கத்துக்கு மெதுவாக மசாஜ் செய்யலாம், பெனிட்டாவே செய்யட்டும் என்று சீட்டிலேயே எழுதிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. எனக்கும் அண்டா கழுவும் வேலை இல்லை.

மே 3, சனி

முதல் மசாஜ். ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முரட்டு வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. முதுகெலும்பைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் இருக்கிற சதையை மட்டும், சப்பாத்தி மாவைப் பதம் பார்ப்பதுபோல் உள்ளங்கையால் நீவுகிறாள். நீவும்போது இவர் முகத்தையும் மூச்சையும் கவனிக்கிறாள். "பத்துக்கு எத்தனை அழுத்தம் அண்ணாச்சி?" "நாலு." "போதுமா?" "போதும்மா." இருபத்தெட்டு வருஷமாக இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்றவர் நாலே போதும் என்கிறார்!

அரைமணியில் தூங்கிப்போனார். டூர் போய்வந்த நாளிலிருந்து இவரை வலி இல்லாத முகத்தோடு நான் பார்க்கவில்லை. பெனிட்டாவுக்குக் கும்பிடு போட்டேன். "எனக்குப் போயி ஏன்க்கா?" என்று கூச்சப்பட்டாள். வேறு யாருக்குப் போடுவது?

மே 11, ஞாயிறு

வாரத்தில் இரண்டு நாள் நானே வீட்டில் லேசாக நீவி விடலாம் என்று பெனிட்டா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நகத்தை வெட்டு, கையைச் சூடாக்கு, நடு எலும்பில் கை படக்கூடாது, கேட்டுக் கேட்டு அழுத்து. அவள் முன்னால் இரண்டு தடவை செய்துகாட்டி, சரி என்று அவள் சொன்ன பிறகுதான் இன்று ஆரம்பித்தேன்.

இவர் குப்புறப் படுத்தார். நல்லெண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த முதுகைக் காலால் எனக்கு நன்றாகத் தெரியும். கையால் தெரியாது. வலது தோளுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது என்று கேட்டால், கல்யாணத்துக்கு முன்னால் கிளீனராக இருந்தபோது ஜாக்கி விழுந்ததாம். இன்றைக்குத்தான் சொல்கிறார்.

வலது பக்கம் முடிக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் சும்மா மிதிக்கல. கோவத்துல மிதிச்சேன். குதிகாலை வேணும்னே ஊனுனேன்."

சொல்லிவிட்டேன். டைரியில்கூட எழுத வராததை வாயால் சொல்லிவிட்டேன். இவர் முகத்தைத் திருப்பவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"நீ ஏறும்போதே தெரியும். வழக்கமா செவுத்தைப் பிடிச்சுட்டு ஏறுவ. அன்னிக்குப் பிடிக்கல."

"தெரிஞ்சும் ஏன் படுத்துக் கெடந்தீங்க? எறங்குட்டின்னு சொல்லவேண்டியதுதான?"

 தலையணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு முதுகே வலிக்கல செம்பகம்."

என் கை நின்றுவிட்டது.

"மூணு நாளா போன் எடுக்கல நீ. வீட்டுக்கு வந்தா மூஞ்சியைப் பாக்கமாட்டேங்குற. தப்பு எம்மேலதான், தெரியும். என்ன செய்யன்னு தெரியல. முதுகு பிடிச்சிருக்குன்னா கிட்ட வருவ. நாலு மிதி மிதிச்சேன்னா உன் கோவமும் எறங்கிரும்னு நெனச்சேன்."

பெனிட்டா கேட்டபோது இவர் ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது. வலியே இல்லாத முதுகை என் காலுக்குக் கீழே கொண்டுவந்து போட்டிருக்கிறார் இந்த மனிதர். எலும்பு நொறுங்கியும் மூன்று மாசம் வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இவர் உயிரோடு, காலோடு, என் கைக்குக் கீழே கிடக்கிறார் என்ற நிம்மதியும் சேர்ந்து வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலிருந்து முத்து உதிந்திருமாக்கும்?" என்று சத்தம் போட்டேன்.

"அந்த வார்த்தை உன்னைவிடக் கனம்ட்டி" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் எண்ணெய் பட்டு எரிந்தது. இடது பக்கம் இன்னும் பாக்கி இருந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "தொடட்டுமா?" என்று கேட்டேன்.